ஒன்பதாவது நிமிடத்து மாதிரி

ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூருக்கு வரும் சாலையில் நான் எந்த லோரியையும் முந்துவதில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அவை மெதுவாகத்தான் போகும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் இடைவெளி விட்டுப் பின்னாலேயே வருவேன். இன்றும் அப்படித்தான் வந்தேன், அதனால்தான் இருபது நிமிடத் தாமதம். காக்க வைத்ததற்கு மன்னியுங்கள், இன்ஸ்பெக்டர்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. மலாயில் எனக்குச் சரளம் உண்டு, ஆனால் அவசரத்தில் சொற்கள் தடித்துவிடும். இது தடிப்பாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

என் பெயர் புவனேசன். வயது நாற்பத்து நான்கு. ரவாங் தொழிற்பேட்டையில் ஊசிமருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக ஆய்வுக்கூட அதிகாரியாக இருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்பு, இந்த ஊருக்கு வெளியே தொண்டு அறவாரியம் ஒன்று நடத்தும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தங்கமணி என்ற அம்மா இறந்துபோனார். எங்கள் மருந்தை ஏற்றிய சில நிமிடங்களில் அது நடந்தது. அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் இல்லாமல் போனதற்குத் தாதி அன்னம்மாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. அவர் இப்போது வேலையில் இல்லை. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு வெறும் கொடுமையாகத் தோன்றும்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சரியாக ஊறாது. முகம் வெளுத்துவிடும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர்களுக்கு இரும்புச்சத்தை ரத்தத்தில் நேராகச் செலுத்த வேண்டியிருக்கிறது. வெறும் இரும்பை அப்படிச் செலுத்தினால் விஷம். ஆகவே இரும்பை மிக நுண்ணிய துகள்களாக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் சர்க்கரை போன்ற ஒரு மெல்லிய பூச்சைக் கொடுப்போம். நானோ துகள் என்பது அதுதான். ஒரு தலைமுடியின் குறுக்கே நாலாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். இந்த வகை மருந்து புதிதல்ல. எங்களுடையது புதுப் பூச்சு, அவ்வளவுதான்.

துகள் ரத்தத்துக்குள் போன கணமே அங்குள்ள புரதங்கள் ஓடிவந்து அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் முதலில் வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா? பிறகு மாமன் வீட்டார் வந்தால் எழுந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும். அதே மாதிரி. முதலில் வருவது எண்ணிக்கையில் மிகுந்த சாதாரணப் புரதம். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வந்து, அதைக் கிளப்பிவிட்டு, கெட்டியாக உட்காரும். கடைசியில் துகளைச் சுற்றி ஒரு சட்டை உருவாகிவிடும். உடம்பு நம்முடைய துகளைப் பார்ப்பதே இல்லை. அந்தச் சட்டையைத்தான் பார்க்கிறது. நாங்கள் என்ன பூச்சு போட்டு அனுப்பினாலும் உள்ளே அது யாராக மாறும் என்பதை முடிவு செய்வது அந்த மனிதருடைய ரத்தம்.

பெரும்பாலானவர்களுக்கு அது சாதுவான சட்டை. துகள் சத்தமில்லாமல் இரும்பை இறக்கிவிட்டுக் கரைந்துபோகும். மிகச் சிலருடைய ரத்தத்தில் மட்டும் காவல் புரதங்கள் அதில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் மற்றவற்றையும் கூப்பிடும். எதிரி நுழைந்துவிட்டான் என்று உடம்பு நம்பிவிடும். ரத்த அழுத்தம் சரியும், தொண்டை வீங்கும். அதற்கு மருந்து அட்ரினலின். நேரத்தில் போட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள்.

பதினோரு வருடமும் இதைக் கண்ணாடிக் குழாயில் மட்டுமே பார்த்தேன். குழாயில் இருக்கும் ரத்தம் ஓடாத ரத்தம். அதற்கு இதயம் இல்லை, பயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பினாங்கில் ஒரு மாநாட்டில் என் படங்களைக் காட்டிப் பேசினேன். முடிவில் ஒரு பெண் எழுந்து, “இந்தச் சட்டை மாறும் தருணத்தை உயிருள்ள மனிதரில் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் மறந்திருப்பேன்.

போன வருடம் எங்கள் மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. இரண்டு மையங்கள், இருபத்து நான்கு நோயாளிகள். பாதுகாப்புக்காக ஒரு விதி உண்டு. மருந்தை ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் கொஞ்சம் எடுத்து, குழாயில் எங்கள் துகளோடு கலந்து, என்ன சட்டை போடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆகாத சட்டை போடும் ரத்தம் என்றால் அந்த நோயாளியை நீக்கிவிட வேண்டும். அந்த விதியை எழுதியது நான். சோதிப்பது நான். தாளில் கையெழுத்துப் போடுவதும் நான். என் மேலதிகாரி திலீப் அதைக் கோப்பில் வைப்பார். என் கையெழுத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் தவறு செய்ததே இல்லை என்பதுதான் காரணம்.

தங்கமணி அக்காவை அப்படித்தான் சந்தித்தேன். ஐம்பத்து மூன்று வயது. பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்தவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டப்பட்டுக் கிடப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீர்தான் அனுமதி. பால் சேர்க்காத கோப்பி ஓவை ஐஸ் கட்டியாக்கி, சின்ன டப்பாவில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டு அடக்கிக்கொள்வார். அப்படிச் செய்தால் ஒரு கோப்பி ஒரு காலைக்கு வரும் என்றார்.

படிவத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்ததும் அவர்தான் என்னை விசாரித்தார்.

“எந்த ஊரு தம்பி?”

சொன்னேன்.

“அந்த எஸ்டேட்டா? யாரு மவன்?”

“செல்லன் மண்டோர் மவன். ஆளுங்கள பிரிச்சு வேலைக்கு விட்டவரு.”

“அட, அப்ப நீ நம்ம புள்ள லா,” என்றார். தாதியைக் கூப்பிட்டு, “அன்னம்மா, இது நம்ம புள்ள,” என்று அறிமுகமும் செய்துவைத்தார். படிவத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். அது வீட்டிலேயே தங்கிவிட்டது. “எங்க கையெழுத்து போடணும், நீயே காட்டு,” என்றார். காட்டினேன்.

குழாயில் ரத்தத்தை எடுக்கும்போது, “என் ரத்தத்துல என்னா தம்பி தேடுற, தங்கமா? அது பேர்ல மட்டும்தான் இருக்கு,” என்றார்.

“இரும்பு, அக்கா.”

“அதுக்கு பழைய சாமான் கடைக்கில்ல போவணும்,” என்று சொல்லி அவரே சிரித்தார். அன்னம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சோதனை முடிவுகள் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தன. எங்கள் முறையில் ஒவ்வொருவருடைய சட்டையிலிருந்தும் புரதங்களைக் கழற்றி, கூழ் போன்ற ஒரு தகட்டில் ஓடவிடுவோம். அவை எடைக்கு ஏற்றபடி நீலப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். இருபத்து இரண்டு பேருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பட்டை. தங்கமணி அக்காவுடையது மிகத் தடிப்பாக இருந்தது. இன்னொன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மறுபடியும் இரண்டு முறை செய்து பார்த்தேன். மூன்றிலும் அதே இடத்தில், அதே தடிப்பில். பதினோரு வருடத்தில் அவ்வளவு தெளிவான பட்டையை நான் கண்டதில்லை. அழகாக இருந்தது. மன்னிக்கவும், வேறு சொல் கிடைக்கவில்லை.

தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘சேர்க்கலாம்’, மற்றது ‘நீக்கவும்’. அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். நான் முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். முடிவெடுப்பது என்றால் இரண்டு பக்கமும் போக முடிந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா ‘சேர்க்கலாம்’ கட்டத்தில் போய் ஒரு கோடு போட்டது.

அடுத்த வாரம் அவருடைய மகள் நித்தியா எனக்குப் போன் செய்தாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பேசினாள், பின்னால் தட்டுகளின் சத்தம் கேட்டது.

“அண்ணே, அம்மா ரிசல்ட் வந்துருச்சா?”

“வந்துருச்சு மா.”

“ஓகேதானே?”

“ஓகே.”

“இல்ல, அம்மா கையெழுத்து போட்ட பாரத்துல ரேர் கேஸ்ல கடுமையான ரியேக்‌ஷன் வரும்னு போட்டிருக்கு. நான் நல்லா படிச்சு பார்த்தேன். அம்மாவ விட்டா எனக்கு யாரும் இல்லண்ணே, அதான்.”

“அதுக்குத்தானே முன்கூட்டியே ரத்தத்த பாக்குறோம்.”

“ஆமால்ல. சரிண்ணே. தேங்க்ஸ்.”

நான் அவளிடம் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதக்கூடும். ‘ஓகே’ என்பது மருத்துவச் சொல் இல்லை. முன்கூட்டியே ரத்தத்தைப் பார்க்கிறோம் என்பது உண்மை. அன்று அவள் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவளுடைய இடைவேளை முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர், இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் பினாங்கில் கேட்ட கேள்விக்குப் பதில் ஏன் யாரிடமும் இல்லை தெரியுமா? எதிர்வினை தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அட்ரினலின் போட்டுவிடுவார். போட்டதும் உடம்பின் நிலைமை மாறிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தம் வேறு கதை சொல்லும். போடாமல் விடப்பட்ட ஒருவருடைய ரத்தம், நிமிடத்துக்கு நிமிடம் எடுத்தது, எந்த நாட்டிலும் எந்தக் குளிர்பெட்டியிலும் இல்லை. இருக்கவும் முடியாது. நான் அதைப் பல வருடம் ஒரு குறையாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. நித்தியாவுக்கு அன்று மிகைநேர வேலை, வர முடியவில்லை. ஏழு மணிக்கெல்லாம் நான் மையத்துக்கு வந்துவிட்டேன். விதிப்படி மருந்து ஏற்றும்போது முன்னும் பின்னும் ரத்த மாதிரி எடுப்பது என் வேலை. இயந்திரத்துக்குப் போகும் குழாயிலேயே அதற்கு ஒரு வாய் இருக்கிறது, புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. அவருக்கு வலிக்காது.

முதல் அரைமணி நேரம் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்குத் தஞ்சோங் காராங் மையத்தில் யாருக்கோ முடியவில்லை என்று அவருக்கு அழைப்பு வந்தது. “ரிசல்ட் கிளியர்தானே? ஆரம்பிச்சிடுங்க, வந்துடுறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. தானாக நடந்தது.

தங்கமணி அக்கா உற்சாகமாக இருந்தார். “இத போட்டா நல்லா நடக்கலாமா தம்பி?” என்று கேட்டார்.

“கொஞ்ச நாள்ல நடக்கலாம் அக்கா.”

“புக்கிட் மலாவத்தி குன்று மேல ஏறணும். ட்ராம்ல இல்ல, நடந்து. மேல குரங்குக்கு கச்சான் கடலை போடணும். நித்தியா சின்னதுல அதுக்குத்தான் அழுவா, நான் வேலைக்கு போயிடுவேன்.”

பக்கத்து நாற்காலியில் அப்பளசாமி இருந்தார். சுங்கை பஞ்சாங் பக்கம் நெல் லோரி ஓட்டியவர், அறுபது வயது. “அந்த குரங்கு கச்சானயும் புடுங்கும், ஹேண்ட்பேக்கயும் புடுங்கும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்பது நாற்பதுக்கு அன்னம்மா மருந்தை மெதுவாக ஏற்றத் தொடங்கினார். நான் கடிகாரத்தை அமுக்கினேன்.

முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் அக்கா கழுத்தைச் சொறிந்தார். “முதுகு வலிக்கிது அன்னம்மா,” என்றார். மூன்றாவது நிமிடத்தில் முகம் சிவந்து தடித்தது. “நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாரி இருக்கு.” நான் முதல் குழாயை எடுத்தேன்.

அன்னம்மா நல்ல தாதி. ஒரு விநாடியைக்கூட வீணாக்கவில்லை. மருந்தை நிறுத்தினார். பிராணவாயு முகமூடியை மாட்டினார். ரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவசரத் தட்டைத் திறந்தார். மற்ற ஊசிகள் எல்லாம் இருந்தன. அட்ரினலின் இருக்கும் இடம் காலியாக இருந்தது.

“சார், அட்ரினலின் எங்க? நேத்து பாத்தேன், ரெண்டு இருந்துச்சு.”

“ஸ்டோர்ல இருக்கும், பாருங்க,” என்றேன்.

ஸ்டோர் பின்கட்டில் இருக்கிறது. அவர் ஓடினார். ஓடிக்கொண்டே டாக்டருக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தார். அவருடைய குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டிகள் விழும் சத்தமும் கேட்டது.

கூடத்தில் அக்காவைத் தவிர ஏழு நோயாளிகள் இருந்தார்கள். ஏழு பேரும் இயந்திரத்தோடு கட்டப்பட்டவர்கள். யாராலும் எழ முடியாது. எழுந்தால் அவர்களுடைய ரத்தமே தரையில் ஓடும். ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அப்பளசாமி, “தாதி, சீக்கிரம் வாங்க லா, கண்ணு சொருகுது,” என்று சத்தம் போட்டார். அக்காவின் கையைப் பிடிக்கத் தன் ஊசியில்லாத கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. நாற்காலியை இழுக்கப் பார்த்தார், சக்கரம் பூட்டியிருந்தது. கையை மடக்காமல் அப்படியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது நிமிடத்தில் இரண்டாவது குழாய். ஏழாவதில் மூன்றாவது. பெயரையும் நேரத்தையும் தெளிவாக எழுதி ஒட்டினேன். மனம் மட்டும் என்னை விட்டு எங்கேயோ தள்ளி நின்றது. அந்த ஏழு பேரைப் போலத்தான் நானும் இருந்தேன், நகர முடியாமல். வித்தியாசம் என்னவென்றால் என்னை எந்த இயந்திரமும் கட்டியிருக்கவில்லை.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். பலம் இல்லாத பிடி. தொண்டை வீங்கி உள்ளே போகும் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. உதடு அசைந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் நான்காவது குழாயை எடுத்து முடித்தேன். பிறகு பிடி விட்டுப்போயிற்று.

அன்னம்மா வெறுங்கையோடு வந்து நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. இருபத்தொரு நிமிடம். பிறகு தரையில் உட்கார்ந்து, “ரெண்டு இருந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன்,” என்றார். அதன் பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னார். டாக்டரிடம், அறவாரியத்துக்காரர்களிடம், விசாரணைக் குழுவிடம். இரண்டு நாள் கழித்து ஸ்டோர் அலமாரிக்குப் பின்னால் இரண்டு ஊசிமருந்துக் குப்பிகள் கிடைத்தன. அவரே இடம் மாற்றி வைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று எழுதினார்கள். கடைசியாக நான் பார்த்தபோது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. “நான்தான் மறந்துட்டனோ சார்?” என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் குப்பிகளை அன்று காலை ஏழரை மணிக்குத் தட்டிலிருந்து எடுத்தது நான். அன்னம்மா அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் வைத்தேன். பிறகு, தாதிகள் எல்லோரும் வெளியே ஆம்புலன்சைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அலமாரிக்குப் பின்னால் போட்டேன். இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். நித்தியா என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம். “நீங்க கூட இருந்தீங்கள்ல அண்ணே. அம்மா தெரியாதவங்க நடுவுல போவல. அது ஒன்னுதான் எனக்கு ஆறுதல்,” என்றாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். குடித்தேன்.

அந்த நான்கு குழாய்களில் என்ன இருந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. போலீஸ்காரர்களுக்கு அது முக்கியமில்லை போலும். ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர். புதிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடிக் குழாயில் பார்த்த அதே பட்டைகள், அதே வரிசையில், அதே வேகத்தில். இதயம் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அவருடைய ரத்தம் ஒரே கதையைத்தான் சொன்னது. அந்தப் புதன்கிழமை மத்தியானமே எனக்கு அது தெரிந்திருந்தது. தகட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் நடுவில் ஏதாவது தவறவிட்டிருப்பேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. இன்னும் நெருக்கமாக எடுத்திருக்க வேண்டும். தவிர, ஒரே ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எந்த மாணவனைக் கேட்டாலும் சொல்வான்.

தவறு தாதியுடையது என்று ஆனதால் மருந்தின்மேல் பழி இல்லை. கூடுதல் கண்காணிப்போடு சோதனையைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை, செவ்வாய்க்கிழமை காலை, மறுபடியும் தொடங்குகிறது. பட்டியலில் முதல் பெயர் அப்பளசாமி. நான் பிறகு சொல்கிறேன் என்ற இன்னொரு பட்டை அவருடையதுதான். அவருடைய தாளிலும் ‘சேர்க்கலாம்’ என்றுதான் கோடு போட்டிருக்கிறேன்.

அதை மாற்ற முயன்றேன். போன வெள்ளிக்கிழமை அந்தத் தாளை வெளியே எடுத்தேன். ஒரு கோட்டை அடித்து இன்னொரு கோடு போட வேண்டும். ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளைத் திரும்பக் கோப்பில் வைத்துவிட்டு, நாளைக்கு வேண்டிய குழாய்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். இந்த முறை பன்னிரண்டு குழாய்கள், அரை நிமிடத்துக்கு ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கண்டேன். நாளை நான் அங்கே இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். தயவுசெய்து இப்போதே அந்த மையத்துக்குப் போன் செய்யுங்கள். நான் காத்திருக்கிறேன்.

செய்துவிட்டீர்களா? நன்றி.

அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே எப்படி நிற்க முடிந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்திருக்கிறேன். ஆமாம், தங்கமணியைக் கொன்றது நான்தான். அவருடைய ரத்தம் தாங்காது என்று தெரிந்தே சேர்த்தேன், மருந்தை மறைத்தேன், நேரத்தை எண்ணினேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று மட்டும் எழுத வேண்டாம். ஒரு குப்பியை உடைத்து ஊசியில் ஏற்ற இருபது விநாடி போதும், அது என் நெஞ்சோடு ஒட்டிய பையில்தான் இருந்தது. கடைசிவரை அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘காப்பாத்து தம்பி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணமே போட்டிருப்பேன். அவர்தான் ஒன்றும் சொல்லவில்லை.